ஜெர்வேக்கு விட்டுக்கொடுத்த மான்

ஒரு வருஷம் முழுக்க அந்தப் போட்டோவுக்குக் கீழே நின்றுதான் நான் காபி வாங்கினேன். ஊரில் சுட்ட மானை எடை போட்டு, சுட்டவர் பெயரைக் கரும்பலகையில் எழுதுவது லூசியன் கடையில்தான். அங்கே காபி மெஷினுக்கு நேர் மேலே அவர் அதை மாட்டியிருந்தார். என் தங்கை புருஷன் ஜெர்வே, இருநூற்று முப்பத்தொரு பவுண்டு கிடா மானின் கொம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, வாயெல்லாம் பல்லாக நிற்பான். அந்த மானைச் சுட்டது அவன்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அது என் மான்.

எங்கள் பக்கத்தில், அமெரிக்காவில் மெய்ன் மாநிலத்தின் வடக்கு மூலையில், பனியில் தடம் பிடித்துப் போகிறவர்களுக்கு எழுதாத சட்டம் ஒன்று உண்டு. மானின் குளம்படிக்கு மேல் ஒருவரின் பூட்ஸ் அடி விழுந்திருந்தால் அந்தத் தடம் அவருடையது. பிறகு வருகிறவர் திரும்பிப் போய் வேறு தடம் தேடிக்கொள்ள வேண்டும். அவருக்கு முன்னால் சுற்றிப் போய் மானை மறிக்கக் கூடாது. ஊரில் இருக்கிற மகா குடிகாரன்கூட அதை மட்டும் செய்யமாட்டான்.

போன டிசம்பரில் அந்தக் கிடாவின் பின்னால் நான் மூன்று நாள் நடந்தேன். இரண்டாம் நாள் சாயங்காலம் தங்கை கொலெட் வீட்டுக்குச் சூப் குடிக்கப் போனேன். "எங்க படுத்துச்சு? எந்த மரத்துல கொம்பு ஒரசுச்சு?" என்று ஜெர்வே பாசமாகக் கேட்டான். நானும் ஒரு மடச்சி, எல்லாவற்றையும் கொட்டினேன். மறுநாள் மதியம் மான் எனக்கு முன்னால் முந்நூறு கெஜத்தில் போய்க்கொண்டிருந்தபோது வெடிச்சத்தம் கேட்டது. மரம் ஏற்றும் லாரி ரோட்டில் சுற்றி வந்து, இரண்டு மேட்டுக்கு நடுவில் இருக்கும் இடுக்கில் உட்கார்ந்துகொண்டு, நான் ஓட்டி வந்த மானைச் சுட்டுவிட்டான்.

அதைக்கூடப் பொறுத்திருப்பேனோ என்னவோ. அன்று சாயங்காலம் கடையில் என் மூன்று நாளையும் தான் நடந்த மூன்று நாளாகச் சொன்னான். மான் படுத்த இடம், உரசிய மரம், ஓடை கடந்த துறை, எல்லாம் நான் சூப் குடித்துக்கொண்டே சொன்னவை, வார்த்தை மாறாமல். "அது என் தடம்" என்று நான் சொன்னேன்.

"ஏன் ஓடில், பனி வார்ற வண்டியிலயே தூங்கிட்டியா? கனவு கினவு கண்டியா?" என்றான்.

கடையே சிரித்தது. ஊராட்சிக்குப் பனி வாரும் வண்டி ஓட்டுகிற, ஓடில் என்ற ஐம்பத்து நாலு வயதுப் பெண் பிள்ளை, மூன்று நாள் தடம் பிடித்தேன் என்றால் சிரிப்பு வரத்தானே செய்யும். ஜெர்வே லைசென்ஸ் வைத்திருக்கும் வேட்டை வழிகாட்டி. வெளியூர்க்காரர்களைக் காட்டுக்குக் கூட்டிப்போவதுதான் அவன் தொழில். அந்தப் போட்டோவை விளம்பரத்திலும் போட்டான், 'மூன்று நாள் விடாமல் தொடர்ந்த வேட்டை' என்று எழுதி. அன்றிலிருந்து கருவிக்கொண்டே இருந்தேன். அதே கடையில், அதே ஆட்களுக்கு முன்னால் அவன் பெயர் நாற வேண்டும். வேறெதுவும் எனக்கு வேண்டியிருக்கவில்லை.

நவம்பர் வேட்டை எனக்கு ஆகாது. அது திருவிழாக் கூட்டம். நகரத்திலிருந்து புதுச் சட்டை போட்டுக்கொண்டு வந்து, மரத்துக்கு மரம் ஒருவன் ஏறி உட்கார்ந்திருப்பான். டிசம்பர் முதல் வாரத்தில் அவர்கள் எல்லோரும் போய்விடுவார்கள். அந்த ஒரு வாரம் கரிமருந்துத் துப்பாக்கிக்கு மட்டும்தான் அனுமதி. குழல் வாய் வழியாக மருந்தையும் குண்டையும் இடித்து வைத்தால் ஒரே ஒரு வெடி, அவ்வளவுதான். தப்பினால் மான் போனது போனதுதான். காட்டில் மூச்சு விடுகிற சத்தம் நமக்கே பெரிதாகக் கேட்கும். மூக்கு முடி உறைந்து குத்தும். எனக்கு அந்தக் குளிர் வேண்டும். வருஷத்தில் மற்ற ஐம்பத்தொரு வாரமும் இந்த ஒரு வாரத்துக்காகத்தான் இருக்கிறேன் என்றே சொல்லலாம்.

பனிதான் காரணம். வெறும் மண்ணில் மான் எங்கே போனது, ஏன் போனது, யாருக்குத் தெரியும்? பனியில் அது ராத்திரி முழுக்கச் செய்த வேலையெல்லாம் அப்படியே கிடக்கும். இங்கே நின்று பின்னால் பார்த்தது. இங்கே ஒரு பெட்டையை மோந்துவிட்டு, வயதாகிவிட்டது என்று விட்டுவிட்டது. இங்கே மரப்பாசி தின்றது. ஒருவருடைய டயரியை அவர் பக்கத்து அறையில் இருக்கும்போதே திறந்து படிக்கிற மாதிரி ஒரு சுகம்.

இந்த வருஷம் குலுக்கலில் எனக்குப் பெட்டைச் சீட்டும் விழுந்திருந்தது. எங்கள் சட்டப்படி கொம்புள்ள மானை எல்லோரும் சுடலாம். கொம்பில்லாததைச் சுட அந்தச் சீட்டு வேண்டும். எங்கள் பகுதிக்குக் கிடைப்பது மிகக் கொஞ்சம். ஜெர்வேக்கு விழவில்லை. அதற்கே கொலெட்டிடம் இரண்டு நாள் புலம்பினானாம்.

அந்த வாரத்தின் வெள்ளிக்கிழமை. முந்தின ராத்திரி ஐந்து அங்குலம் புதுப் பனி. ரோடுகளை வாரி முடித்துவிட்டு வண்டியைக் கொட்டகையில் விட்டு, விடிகிற நேரத்தில் என் சொந்த வண்டியில் காட்டுக்குப் போனேன். ரோட்டிலிருந்து இருபது அடியிலேயே தடம் கிடைத்தது. என் உள்ளங்கை அளவு குளம்பு, பின்னால் சற்று மேலே இருக்கும் இரண்டு சிறு குளம்பும் ஆழமாகப் பதிந்திருந்தன. கால்களை அகட்டி அகட்டி வைத்திருந்தது. கனத்த கிடா, கிழம், களைத்துப்போனது.

கால் மணி நேரம் நடந்திருப்பேன். பின்னால் ரோட்டில் ஒரு வண்டி வேகம் குறைந்து நின்றது. கதவை யாரோ சத்தமில்லாமல் சாத்தினார்கள். என் வண்டியைப் பார்க்கிறான், என் பூட்ஸ் அடியைப் பார்க்கிறான், எந்தத் திசை என்று பார்க்கிறான். இரண்டு நிமிஷத்தில் வண்டி மறுபடி கிளம்பி மேட்டு ரோட்டுப் பக்கம் போய் நின்றது. அந்த டீசல் இருமலை நான் தூக்கத்தில்கூடக் கண்டுபிடிப்பேன். ஜெர்வே. ஒரு தடவை ருசி கண்டவன் விடுவானா?

ரத்தம் கொதித்தது. தடத்தை விட்டுவிட்டு வீட்டுக்குப் போகலாமா என்றுகூட நினைத்தேன். ஆனால் கால் கேட்கவில்லை.

ஒன்பதரை மணிக்கு ஓடையைக் கடந்தேன். அதற்குப் பிறகு ஒரு விசித்திரம். அதுவரை நெருங்கி வளர்ந்த மரங்களைச் சுற்றிச் சுற்றிப் போன கிடா, இப்போது இரண்டு தேவதாருக்கு நடுவில் ஒரு முழ இடுக்கில் நேராக நுழைந்து போயிருந்தது. இரண்டு பக்கக் கிளைகளிலும் பனி அப்படியே உட்கார்ந்திருந்தது. கொம்புள்ள மான் அப்படிப் போகவே முடியாது. நான் திரும்பி, வந்த வழியே ஐம்பது கெஜம் பார்த்துக்கொண்டு போனேன். விழுந்து கிடந்த ஒரு மரத்தை அது தாண்டிய இடத்தில், நான் கவனிக்காமல் விட்ட பக்கத்தில், பனியில் ஒரு கொம்பு குத்தி நின்றது. இன்னும் கொஞ்சம் தள்ளி, தலையை உதறிய இடத்தில் மற்றொன்று. அடியில் ரோஜா நிறத்தில் ஈரம் காயவில்லை.

வழக்கமாக அவை உதிர்வது கிறிஸ்துமஸுக்குப் பிறகு. ஆனால் பெட்டைகளின் பின்னால் அலைந்து தேய்ந்துபோன கிழத்துக்குச் சில சமயம் முன்கூட்டியே விழுந்துவிடும். ஆக, எனக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தது கொம்பில்லாத கிடா. சட்டத்தின் கண்ணில் அது பெட்டை. என்னிடம் சீட்டு இருந்தது. மேட்டில் காத்திருந்தவனிடம் இல்லை.

அந்த யோசனை அப்போதுதான் வந்தது. வந்தவுடன் எனக்குக் குளிர் விட்டுப்போயிற்று. கொம்பு இரண்டையும் முதுகுப் பையில் போட்டுக்கொண்டேன்.

பதினொரு மணிக்கு மானைப் பார்த்தேன். வெட்டவெளி மாதிரி ஒரு இடத்தில் பனியில் குழி பறித்துப் படுத்து, எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அசை போட்டுக்கொண்டிருந்தது. காற்று என் முகத்தில் அடித்தது, நான் இருப்பது அதற்குத் தெரியாது. நான் முழங்கால் போட்டேன். வலது கையுறையைக் கழற்றிப் பக்கத்தில் வைத்தேன். துப்பாக்கிக் குறியில் அதன் தோள் முழுதாக அடங்கியது. நாற்பது கெஜம்கூட இல்லை. நடுவில் ஒரு குச்சி இல்லை. மொட்டைத் தலை, கழுத்து ஒரு பீப்பாய் அளவு. இத்தனை வருஷத்தில் அப்படி ஒரு வெடி எனக்கு அமைந்ததே இல்லை. சுட்டால் மான் எனக்கு. என் பெயரை லூசியன் கரும்பலகையில் எழுதுவார்.

சுட்டால் ஜெர்வே தப்பித்துவிடுவான்.

எவ்வளவு நேரம் அப்படியே இருந்தேன் என்று தெரியாது. விரல் மரத்துப்போயிற்று. பிறகு துப்பாக்கியை இறக்கி, கையுறையை மாட்டிக்கொண்டு, மானைச் சுற்றி அரை வட்டமாக நடந்து காற்று வரும் பக்கம் போனேன். அங்கே நின்று தொப்பியைக் கழற்றி வியர்வைத் தலையை ஆற விட்டேன். இரண்டு நிமிஷத்தில் என் வாசனை அதற்குப் போய்ச் சேர்ந்தது. எழுந்தது, மூக்கை நிமிர்த்தியது, பயந்து ஓடவில்லை, வேண்டாத விருந்தாளியைப் பார்த்தவர் உள்ளே எழுந்து போகிற மாதிரி மேட்டு இடுக்கை நோக்கி நடந்தது. நான் தூரத்திலிருந்தே மெல்ல ஓட்டினேன். பன்னிரண்டரைக்கு வெடித்தது.

நான் போனபோது கரிப்புகை இன்னும் கலையவில்லை. ஜெர்வே மானின் தலைமாட்டில் மண்டியிட்டு, இரண்டு கையாலும் பனியைக் கிளறிக்கொண்டிருந்தான்.

"என்ன மாப்ள, எதையோ தொலைச்ச மாதிரி தெரியுதே?" என்றேன்.

திடுக்கிட்டுத் திரும்பினான். "ஓடில்! கொம்பு இருந்துச்சு. என் கண்ணால பாத்தேன். விழுந்தப்ப கழண்டிருக்கும். இங்கதான் எங்கியோ..."

"தேடு, தேடு. அவசரமில்ல."

விழுந்த மரம் ஒன்றில் உட்கார்ந்து, பையிலிருந்து ப்ளாயை எடுத்தேன், எங்கள் பக்கத்துத் தோசை மாதிரி ரொட்டி அது. பன்றிக்கறி விழுது தடவிச் சுருட்டி வைத்திருந்தது உறைந்துபோய்க் கடிக்கவே முடியவில்லை. ஆனாலும் ஆற அமரத் தின்றேன். அவன் குழி தோண்டுகிற நாய் மாதிரி மானைச் சுற்றிச் சுற்றி வந்தான். ஒரு வருஷப் பசிக்கு அது நல்ல சாப்பாடு. தின்று முடித்துக் கையைத் துடைத்துக்கொண்டு கொம்புகளை வெளியே எடுத்தேன்.

"இதையா தேடுற?"

அவன் முகத்தில் ஈயாடவில்லை.

"எங்க கெடச்சுது?"

"ஓடைப் பக்கத்துல. நீ சுடுறதுக்கு மூணு மணி நேரம் முன்னாடி."

"குடு."

"எதுக்கு?"

"விழுந்தப்ப கழண்டுச்சுன்னு சொல்லிக்கிறேன். யாருக்குத் தெரியப்போவுது?"

"எனக்குத் தெரியும்ல?"

"பின்னால கிளையில பனி ஒறஞ்சு நின்னுச்சு, அதைக் கொம்புன்னு நெனச்சுட்டேன். தடம் வேற அவ்ளோ பெருசு, கிடாதான்னு..."

"எந்தத் தடத்தைப் பாத்த?"

அவன் கண் என் பூட்ஸுக்குப் போனது.

"என் பூட்ஸ் தடத்தைப் பாத்த. மான் தடத்தைப் பாத்திருந்தா, ஒரு முழ இடுக்குல தலையைச் சாய்க்காம நுழைஞ்சு போனதைப் பாத்திருப்ப. பத்து வயசுப் புள்ளைக்குக்கூடப் புரிஞ்சிருக்கும். நீ என்னைக்கு மான் தடத்தைப் பாத்திருக்க?"

அவன் துப்பாக்கியை மரத்தில் சாய்த்து வைத்துவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். "என் லைசென்ஸ் போயிடும். வேட்டை லைசென்ஸ் மட்டுமில்ல, வழிகாட்டி லைசென்ஸும். வசந்தத்துக்கு ஒம்பது பேரு சொல்லி வச்சிருக்காங்க. எனக்கு வேற ஒரு வேலையும் தெரியாது." பிறகு குரலைத் தாழ்த்தினான். "அக்கா, உன்கிட்ட பெட்டைச் சீட்டு இருக்குல்ல? நீ சுட்டதா சொல்லிடு. மானும் உனக்கு, கறியும் உனக்கு, பேரும் உனக்கு. நான் வாயே தெறக்க மாட்டேன்."

பதினாறு வருஷத்தில் அன்றுதான் முதல் முறையாக என்னை அக்கா என்றான்.

"மொதல்ல கொடலை எடு. அப்புறம் இழு."

"அப்ப சரிதானே?"

"இருட்டுறதுக்குள்ள ரோட்டுக்குப் போகணும் மாப்ள. இழு."

சரி என்று நான் சொல்லவே இல்லை. இழு என்றுதான் சொன்னேன். இதை இப்போதும் எந்தக் கோர்ட்டிலும் சொல்வேன். மேட்டு ரோடு பக்கம்தான், ஆனால் நடுவில் வெட்டிப் போட்ட மரங்கள் குறுக்கும் நெடுக்குமாகக் கிடந்தன. எனவே அவன் கீழே என் வண்டிக்குத்தான் இழுக்க வேண்டியிருந்தது, இரண்டு மைல். இருநூறு பவுண்டுக்கு மேலே இருந்த மான். நான் முன்னால் நடந்தேன், கையில் துப்பாக்கி தவிர ஒன்றுமில்லாமல். ஓடையில் அவன் வழுக்கி இடுப்பு வரை நனைந்தான்.

"ஒரு கை குடுக்கக்கூடாதா?" என்றான்.

"போன வருஷம் மூணு நாள் தனியா நடந்து பழகிட்டியே. தெம்பு இருக்குமே உனக்கு."

அவன் பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தான். மூச்சு இரைந்தது. அந்தச் சத்தம் கேட்டுக்கொண்டே நடந்த இரண்டு மைலைப் போல ஒரு இன்பமான நடை எனக்கு வாழ்க்கையில் வாய்த்ததில்லை. வெட்கமில்லாமல் சொல்கிறேன்.

கடைக்குப் போனபோது நாலரை மணி இருக்கும். வெள்ளிக்கிழமை, பீர் வாங்க வந்த கூட்டம். மானைத் தராசில் தொங்கவிட்டார்கள். இருநூற்றுப் பத்தொன்பது.

"கொம்பு எங்கப்பா?" என்று யாரோ கேட்டார்கள்.

"உதிர்ந்துடுச்சு. ஓடில்கிட்டதான் சீட்டு இருக்கே!" என்று ஜெர்வே கத்தினான். "ஒரே வெடி! எங்க அக்கா போட்டுட்டாங்க!"

கைதட்டினார்கள். போன வருஷம் சிரித்த அதே ஆட்கள். லூசியன் கல்லாவிலிருந்து இறங்கி வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார். "அன்னைக்குச் சிரிச்சதை மனசுல வச்சுக்காதம்மா," என்றார். சாக்பீஸை எடுத்துப் பலகையில் என் பெயரை எழுதினார், முழுப் பெயரும், பக்கத்தில் இருநூற்றுப் பத்தொன்பது என்று. அந்த அரை நிமிஷம் நன்றாகத்தான் இருந்தது, பொய் சொல்லமாட்டேன். நான் பேசாமல் இருந்திருந்தால் போதும். எல்லாருக்கும் எல்லாம் கிடைத்திருக்கும்.

"அழிச்சிடுங்க லூசியன்," என்றேன்.

"என்னம்மா?"

"நான் சுடல. சுட்டது ஜெர்வே. அவன்கிட்ட சீட்டு கிடையாது." கொம்புகளைக் கல்லா மேல் வைத்தேன். "இது ஓடைக்கு அந்தாண்ட விழுந்து கெடந்துச்சு. நான் தடத்துல போய்க்கிட்டிருந்தேன், அவன் மேட்டு ரோட்டுல சுத்தி வந்து மறிச்சான். ரேஞ்சருக்குப் போன் பண்ணுங்க. நான் சொல்றதை நம்ப வேணாம். பனி இருக்கு, போய்ப் படிச்சுக்கட்டும். அப்படியே போன வருஷம் அந்த மூணு நாளும் யாரு நடந்ததுன்னு இவனைக் கேளுங்க."

யாரும் சிரிக்கவில்லை. லூசியன் ஜெர்வேயைப் பார்த்தார். "ஏம்ப்பா?"

ஜெர்வே நனைந்த கால்சட்டையோடு தராசுக்குப் பக்கத்தில் நின்றான். ஒரு வார்த்தை மறுத்துப் பேசியிருக்கலாம், போன வருஷம் பேசினானே. தரையையே பார்த்துக்கொண்டிருந்தான். அதுவே போதுமாக இருந்தது. கூட்டத்தில் ஒரு கிழவர் காறித் தரையில் துப்பினார். லூசியன் நாற்காலி போட்டு ஏறிப் போட்டோவைக் கழற்றினார். அன்று ராத்திரி குழந்தை மாதிரித் தூங்கினேன்.

மறுநாள் மத்தியானம் கொலெட் வந்தாள். கத்தப்போகிறாள் என்று தயாராக இருந்தேன். அவள் மேல்கோட்டைக் கழற்றிப் போட்டுவிட்டு என் சமையலறை மேஜையில் உட்கார்ந்து அழுதாள்.

"உன் மேல தப்பில்லக்கா," என்றாள். "அவன் செஞ்சதுக்கு அவன் அனுபவிக்கிறான். போன வருஷமே எனக்குத் தெரியும். சூப் குடிச்சப்ப நீ சொன்னதையெல்லாம் கடையில அவன் சொல்றான், நான் பக்கத்துலயே நிக்கிறேன், வாயைத் தெறக்கல. எனக்கே அசிங்கமா இருக்கு."

காபி போட்டுக் கொடுத்தேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். அம்மா செத்த பிறகு அவள் அப்படிப் பிடித்ததில்லை. ஜெயித்துவிட்டோம் என்று அப்போதுதான் முழுதாகத் தோன்றியது. மானும் இல்லை, பலகையில் பெயரும் இல்லை, ஆனால் தங்கை என் பக்கம்.

மூன்று மணிக்கு ரேஞ்சர் வந்தாள். நொரீன் என்று முப்பது வயதுப் பெண். காலையிலிருந்து காட்டில் இருந்திருக்கிறாள், முழங்கால் வரை பனி. பூட்ஸைக் கழற்றிவிட்டு உட்கார்ந்து நோட்டுப் புத்தகத்தைத் திறந்தாள்.

"நீங்க சொன்னது அத்தனையும் சரி," என்றாள். "கொம்பு உதிர்ந்த எடம், அவர் மறிச்ச எடம், எல்லாம் பாத்தாச்சு. அவர் லைசென்ஸ் ரெண்டும் போயிடும். ஒரே ஒரு விஷயம்தான் புரியல."

"கேளுங்க."

"அந்த வெட்டவெளியில முழங்கால் போட்டிருக்கீங்க. அடியில பனி உருகித் திரும்ப ஒறஞ்சு கண்ணாடி மாதிரி ஆயிருக்கு. பத்து நிமிஷத்துக்குக் கொறையாம இருந்திருக்கீங்க. பக்கத்துல கையுறை வச்ச தடம். நேர் எதிர்ல மான் படுத்த குழி, அளந்து பாத்தேன், முப்பத்தெட்டு கெஜம். நடுவுல ஒண்ணுமே இல்ல." அவள் நோட்டிலிருந்து கண்ணை எடுத்தாள். "அதுக்கப்புறம் நீங்க மானுக்குப் பின்னால போகல. சுத்தி காத்து வர்ற பக்கம் போயிருக்கீங்க. தடம் பிடிக்கிறவங்க யாரும் அப்படிப் போக மாட்டாங்க. மானை ஓட்டணும்னா மட்டும்தான் போவாங்க."

கொலெட் என் கையை விடவில்லை, ஆனால் அழுகையை நிறுத்தியிருந்தாள்.

"கொம்பு உங்க பையில இருந்துச்சு. சீட்டு உங்க சட்டைப்பையில இருந்துச்சு. சட்டப்படி உங்க மேல ஒண்ணும் கெடையாது. சும்மா தெரிஞ்சுக்கத்தான் கேக்கறேன்," என்றாள் நொரீன். "நீங்க ஏன் சுடல?"

பனியைப் படித்துக்கொள்ளட்டும் என்று சொன்னது நான்தான். வந்தவள் அரைகுறையாகப் படிக்கிறவள் இல்லை. துப்பாக்கி வெடிக்கவில்லை என்று சொல்லியிருக்கலாம், குளிரில் மருந்து நமுத்துப்போவது சாதாரணம். அந்தப் பொய்யை யாரும் கண்டுபிடித்திருக்க முடியாது. ஆனால் ஒரு பொய்க்காகத்தான் நான் ஒரு வருஷம் எரிந்தேன்.

"அவன் சுடணும்னுதான்," என்றேன்.

கொலெட் கையை எடுத்துக்கொண்டாள். "நீ சுட்டிருந்தா?"

"மான் எனக்குக் கெடச்சிருக்கும்."

"அவனுக்கு?"

"ஒண்ணும் ஆயிருக்காது."

"எனக்கு?" என்றாள். "எம் புள்ளைங்களுக்கு?"

அவர்களைப் பற்றி அந்தப் பத்து நிமிஷத்தில் நான் ஒரு தடவைகூட நினைக்கவில்லை. அதையும் சொன்னேன். அவள் மேல்கோட்டை மாட்டிக்கொண்டு, பொத்தான்களைத் தப்புத் தப்பாகப் போட்டுக்கொண்டு வெளியே போனாள். நொரீன் நோட்டை மூடிவிட்டுக் காபிக் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் வாசலுக்குப் போய் நின்றேன். மறுபடி அதே இடத்தில் முழங்கால் போட்டாலும் நான் சுடமாட்டேன். தங்கையிடம் அதையும் சொல்லியிருப்பேன். அதற்குள் அவள் வண்டியைக் கிளப்பிவிட்டாள்.